ஓர் இருக்கைக்காக நான்கு பேர் எழவேண்டிய விதி: சிறு பிள்ளைகளுக்குக் குடிமை உரிமையையும் இனச் சமத்துவத்தையும் விளக்குதல்

குடியுரிமை, குடிமை உரிமை என்னும் இரண்டு சொற்களும் தமிழில் அடிக்கடி இடம்மாறி எழுதப்படுகின்றன. கறுப்பின மக்களின் தலைவரான மார்ட்டின் லூதர் கிங் குடியுரிமைக்காகப் போராடினார் என்று எழுதிவிட்டால், அவருக்கும் அவருடைய மக்களுக்கும் அமெரிக்கக் குடியுரிமையே இல்லாதிருந்தது போன்ற பொருள் வந்துவிடும். உண்மை அதுவல்ல. 1865இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்கா, 1868இல் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தின் வழியே கறுப்பின மக்களைத் தன் குடிமக்களாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு 87 ஆண்டுகளுக்குப் பிறகும், அந்நாட்டின் தென்மாநிலங்களில் ஒரு கறுப்பினப் பெண் பேருந்தில் தான் விரும்பிய இடத்தில் உட்கார முடியவில்லை. நாட்டின் குடிமகன் என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பது குடியுரிமை. அந்தக் குடிமகன் பேருந்தில் ஏறுவது, பள்ளியில் சேர்வது, வாக்களிப்பது, உணவகத்தில் அமர்ந்து உண்பது ஆகிய அனைத்தையும் மற்றவர்களைப் போலவே செய்ய முடிவது குடிமை உரிமை. முதலாவது இருந்தும் இரண்டாவது மறுக்கப்பட்ட மக்கள் நடத்தியதுதான் குடிமை உரிமை இயக்கம்.

இவ்வளவையும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் பதில். ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் விதத்தில் முடியாது. 'எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும், நிறத்தைப் பார்க்கக் கூடாது' என்பதோடு இந்தப் பாடத்தை முடித்துக்கொள்ளும் பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் பரவலாக இருக்கிறது. அன்பு நல்லதுதான், ஆனால் குடிமை உரிமை என்பது அன்பைப் பற்றிய செய்தியே அல்ல. ஒருவர் என்மீது அன்பு கொள்ளவில்லை என்றாலும் பேருந்தில் எனக்கு இருக்கை உண்டு என்பதுதான் உரிமை. எனவே சிறு பிள்ளைகளிடம் பேசும்போது 'நல்லவர், கெட்டவர்' என்ற இடத்திலிருந்து தொடங்காமல், 'விதி' என்ற இடத்திலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

விதி என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களுடைய நாள் முழுவதும் விதிகளால் ஆனது. விளையாட்டில் யார் முதலில் ஓட வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் போய்விடும், வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நிற்க வேண்டும் என்று ஓயாமல் வழக்காடுபவர்கள் அவர்கள். ஒருவன் தனக்குச் சாதகமாக விதியை நடுவில் மாற்றினால் 'அழுகுணி ஆட்டம்' என்று உடனே குரல் எழும். அந்தக் குரலைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பேருந்தும் பொத்தான்களும்

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரப் பேருந்திலிருந்து தொடங்குவது எளிது. தரையில் ஒரு தாளை விரித்து, நடுவே நடைபாதை விட்டு, அதன் இருபுறமும் இரண்டிரண்டாகக் கட்டங்கள் வரைந்தால் ஒரு வரிசைக்கு நான்கு இருக்கைகளுடன் பேருந்து தயாராகிவிடும். பயணிகளாகச் சட்டைப் பொத்தான்களை வைத்துக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: பிள்ளைகளையே பயணிகளாக்கி, 'நீ எழுந்திரு, நீ பின்னால் போ' என்று நடிக்க வைக்க வேண்டாம். அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, கிங் கொல்லப்பட்ட மறுநாளான 1968 ஏப்ரல் 5 அன்று, தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினர் உயர்ந்தவர் என்று சொல்லி நடத்திய பயிற்சி உலகப் புகழ் பெற்றது. சற்று நேரத்திலேயே 'உயர்ந்த' பிள்ளைகள் மற்றவர்களை இழிவாகப் பேசத் தொடங்கினார்கள். பெரியவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. ஆனால் அதை வீட்டில் செய்து பார்ப்பது பிள்ளையின் மனத்தோடு விளையாடுவதாகும் என்றே நினைக்கிறேன். பொத்தானுக்கு மனம் நோகாது.

இப்போது விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முன்னாலுள்ள 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. அவை காலியாகக் கிடந்தாலும், பின்னால் கறுப்பினத்தவர் நெருக்கிக்கொண்டு நின்றாலும், அவற்றில் அவர்கள் உட்காரக் கூடாது. நடுவிலுள்ள இருக்கைகளில் கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் முன்பகுதி நிரம்பிய பிறகு ஒரு வெள்ளையர் ஏறிவிட்டால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பல நேரங்களில் கறுப்பினப் பயணி முன்வாசல் வழியாக ஏறிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, கீழே இறங்கி, வெளியே நடந்துபோய்ப் பின்வாசல் வழியாக மறுபடியும் ஏற வேண்டியிருந்தது; அதற்குள் பேருந்து கிளம்பிவிடுவதும் உண்டு. கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. இந்தப் பிரிவினையைக் காப்பதற்காக, பேருந்து ஓட்டுநருக்குக் காவலருக்கு இணையான அதிகாரத்தை நகரச் சட்டம் வழங்கியிருந்தது.

1955 டிசம்பர் 1 அன்று மாலை, துணிக்கடையொன்றில் தையல் வேலை முடித்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் நடுப்பகுதியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வரிசையில் அவரையும் சேர்த்து நால்வர்; நால்வரும் கறுப்பினத்தவர். முன்பகுதி நிரம்பி, ஒரே ஒரு வெள்ளையர் நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர் நால்வரையும் எழச் சொன்னார். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, தாளின்மேலுள்ள பொத்தான்களைப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். நிற்பவர் ஒருவர், எழச் சொல்லப்பட்டவர்கள் நால்வர். 'ஒருத்தருக்கு ஒரு இடம்தானே வேணும்? ஏன் நாலு பேர் எழுந்திருக்கணும்?' என்ற கேள்வி வரும். உடனே வராவிட்டால் காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடாதீர்கள்.

விடை இதுதான்: ஒரு வெள்ளையர் உட்காரும் வரிசையில் ஒரு கறுப்பினத்தவரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றது விதி. நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கூடாது. அப்படியானால் அந்த விதி இருக்கையைப் பற்றியதே அல்ல. இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்தால் இருவரும் சமம் என்று தோன்றிவிடும், அது தோன்றவே கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. இனப்பாகுபாடு என்ற பெரிய சொல்லின் முழுப் பொருளும் அந்த மூன்று காலி இருக்கைகளில் இருக்கிறது. அகராதி விளக்கம் எதுவும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லிவிடாது.

மற்ற மூவரும் எழுந்துவிட்டார்கள். சன்னலோரத்தில் இருந்தவர் எழுந்து வழிவிட்டதும், ரோசா பார்க்ஸ் எழாமல், அந்தச் சன்னலோர இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். கைது செய்ய வைப்பேன் என்று ஓட்டுநர் சொன்னபோது, 'செய்துகொள்ளலாம்' என்பதே அவருடைய மறுமொழி. வேலை செய்த அலுப்பில் அவர் எழவில்லை என்று பிள்ளைகளுக்கான கதைகளில் சொல்லப்படுவது வழக்கம். அதை அவரே பின்னாளில் மறுத்தார். உடல் அலுப்பு ஒன்றும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அலுத்துப்போனதுதான் காரணம் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவந்த ஓர் அமைப்பின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராகவும் இருந்தவர் அவர். 'அலுத்துப்போன பாட்டி' என்ற கதை பிள்ளைக்கு இனிமையாக இருக்கலாம், ஆனால் அது ஒரு பெண்ணின் துணிவையும் அறிவையும் கால்வலியாகச் சுருக்கிவிடுகிறது.

அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, அதே நகரில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இதேபோல் எழ மறுத்துக் கைதாகியிருந்தார். பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி என்று கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஒருவர் மறுத்தால் விதி மாறிவிடுமா?

பெரும்பாலான சிறுவர் கதைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. ரோசா பார்க்ஸ் உட்கார்ந்தார், கிங் பேசினார், உலகம் மாறியது. விதி எப்படி மாறியது என்பதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளைக்குக் கிடைப்பது வீரக் கதை மட்டுமே. அடுத்து நடந்ததில்தான் சுவையே இருக்கிறது. கைது நடந்த அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, இரண்டு மாணவர்களின் துணையோடு, தாம் பணியாற்றிய கல்லூரியின் நகலெடுக்கும் பொறியில் விடிய விடியப் பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சிட்டார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்பது செய்தி. டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு ஒரே நாளில் முடியவில்லை. 381 நாட்கள் நீண்டது. மக்கள் வேலைக்கு நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள், அதற்கென்று நேரமும் நிறுத்தங்களும் வகுத்துக்கொண்டார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் அண்டை வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கேக்கும் சாப்பாடும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். இந்தப் பெண்ணின் கதையை நான் ஒருபோதும் விட்டுவிடமாட்டேன். மேடையில் பேசத் தெரியாதவருக்கும் போராட்டத்தில் வேலை உண்டு என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

381 என்ற எண் சிறு பிள்ளைக்கு வெறும் ஒலிதான். உன் போன பிறந்தநாள் முதல் இந்தப் பிறந்தநாள் வரை, அதற்குப் பிறகும் இன்னும் இரண்டு வாரங்களுக்கு மேல், மழையிலும் குளிரிலும் நடந்தார்கள் என்று சொன்னால் அது நீளும்.

மக்கள் நடந்துகொண்டிருந்தபோதே, இன்னொரு பக்கம் வழக்கு நடந்தது. கிளாடெட் கால்வின் உட்பட நான்கு பெண்கள், பேருந்துப் பிரிவினை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தொடுத்த அந்த வழக்கில், 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பர் 20 அன்று புறக்கணிப்பு முடிந்தது. மறுநாள் முதல் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்தார்கள். நடந்தவர்களும் வழக்காடியவர்களும் சேர்ந்தே விதியை மாற்றினார்கள். புறக்கணிப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் அப்போது 26 வயது இளைஞர். அந்தப் போராட்டம் அவரை உருவாக்கியது என்று சொல்வது, அவர் அந்தப் போராட்டத்தை உருவாக்கினார் என்பதைவிடச் சரியானது.

நிறத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது

பெரியவர்களுக்கு இதில் வேறொரு தயக்கம் உண்டு. நாமாகவே நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்து, பிள்ளையின் மனத்தில் இல்லாத வேற்றுமையை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் அது. ஆனால் பிள்ளைகள் நாம் சொல்வதற்கு வெகு முன்பே நிறத்தைக் கவனித்துவிடுகிறார்கள். ஒரே இனத்தாரின் நடுவே வளரும் குழந்தைகள், மூன்று மாத அளவிலேயே தங்களுக்குப் பழகிய இனத்தவரின் முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்த குழந்தைகளிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. இது வெறுப்பு அல்ல, பழக்கம். பழக்கத்துக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லாவிட்டால், சுற்றியிருக்கும் உலகத்தைப் பார்த்துப் பிள்ளை தானாகவே ஒரு பொருள் கட்டிக்கொள்கிறது.

அது எப்படிப்பட்ட பொருளாக இருக்கக்கூடும் என்பதை 1940களில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற உளவியலாளர் இணையர் கண்டறிந்தனர். மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லாத பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது அழகிய நிறம் கொண்டது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியில் 'உன்னைப் போலிருக்கும் பொம்மை எது?' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதார்கள், சிலர் அறையைவிட்டு வெளியேறினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு யாரும் உட்காரவைத்து 'நீ தாழ்ந்தவன்' என்று பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை. பேருந்தும் பள்ளியும் தண்ணீர்க் குழாயும் அந்தப் பாடத்தை நடத்திவிட்டன.

எனவே பொது இடத்தில் பிள்ளை ஒருவரைச் சுட்டிக்காட்டி, 'அவங்க ஏன் அவ்வளவு கறுப்பா இருக்காங்க?' என்று உரக்கக் கேட்டால், கையை அழுத்தி 'உஷ்' என்பது மிக மோசமான விடை. கறுப்பு என்பது வாய்விட்டுச் சொல்லக் கூடாத ஏதோ ஒன்று என்று அந்த 'உஷ்' கற்பித்துவிடும். 'நம் தோலுக்குள் மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. சிலருக்கு அது நிறைய, சிலருக்குக் குறைவு. வெயிலிலிருந்து தோலைக் காப்பது அதன் வேலை. வெயில் மிகுந்த நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்த மக்களின் தோலில் அது நிறைய இருக்கும்' என்று அதே குரலில், அந்த மனிதர் கேட்டாலும் வெட்கப்பட வேண்டாத சொற்களில் சொல்லிவிடலாம். நிறம் உண்மை, அந்த நிறத்துக்கு ஒரு வரிசையும் தகுதியும் கொடுத்தது மனிதர்கள் எழுதிய விதி. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இனச் சமத்துவப் பாடத்தின் அடிப்படை.

சொல்லில் ஒரு கவனம் தேவை. கள்ளமில்லாதவரை வெள்ளை மனசுக்காரர் என்கிறோம், கூட இருந்தே காட்டிக்கொடுப்பவரைக் கறுப்பு ஆடு என்கிறோம். கறுப்பும் வெள்ளையும் சமம் என்று பாடம் நடத்தும் அதே மூச்சில் இச்சொற்கள் நம் வாயிலிருந்து வந்தால் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும் என்று எண்ணிப் பார்க்கலாம். மொழியையே திருத்திவிட முடியாது. அந்த அரைமணி நேரமாவது நாவைக் காத்துக்கொள்ளலாம்.

ரூபி என்ற ஆறு வயதுச் சிறுமி

பேருந்துக்கு அடுத்தபடியாகப் பள்ளி. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி வசதிகள் இருக்கலாம், அவை சமமாக இருந்தால் போதும் என்று 1896இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தனியாக இருந்தன, சமமாக இருக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகங்கள் கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்து சேர்வது வழக்கமாக இருந்தது. 1954 மே 17 அன்று, அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தார்கள். கிளார்க் இணையரின் பொம்மை ஆய்வு அந்த வழக்கில் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது.

தீர்ப்பு வந்த அதே ஆண்டு செப்டம்பரில் பிறந்தவர் ரூபி பிரிட்ஜஸ். அவர் ஆறு வயதை எட்டும்வரை நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பள்ளிகள் அந்தத் தீர்ப்புக்கு இணங்காமல் காலம் கடத்தின. 1960 நவம்பர் 14 அன்று, கூட்டரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்கள் நால்வர் காவலாக வர, தம் தாயோடு வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த ரூபி, வெளியே கூச்சலிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று நினைத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். முதல் நாள் முழுவதும் அவர் தலைமையாசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் வெள்ளைப் பெற்றோர்கள் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். மறுநாள் முதல், பாஸ்டனிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற வெள்ளை ஆசிரியை அவருக்குப் பாடம் நடத்தினார். வகுப்பில் வேறு யாருமில்லை. ஓர் ஆண்டு முழுவதும் ஓர் ஆசிரியையும் ஒரு மாணவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். உடற்பயிற்சியும் பாட்டும் அந்த அறைக்குள்ளேயே நடந்தன.

பிற்பாடு சில வெள்ளைப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒரு சிறுவன், உன்னோடு விளையாடக் கூடாது என்று என் அம்மா சொல்லியிருக்கிறார் என்று ரூபியிடம் சொன்னான். அதற்கு அவளுடைய நிறமே காரணம் என்றும் சொன்னான். தன்னைச் சுற்றி நடப்பதெல்லாம் தன் நிறத்தைப் பற்றியது என்று தனக்கு அப்போதுதான் புரிந்தது என ரூபி பிரிட்ஜஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தச் சிறுவன்மீது கோபம் வரவில்லை, என் அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் நானும் கேட்டிருப்பேன் என்பதும் அவர் சொன்னதே. 'வெள்ளைக்காரங்க எல்லாம் கெட்டவங்களா?' என்று ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளை கேட்கும்போது நான் இந்தச் சிறுவனைத்தான் நினைவூட்டுவேன். அவன் கெட்டவன் அல்ல, கெட்ட விதியைக் கற்றுக்கொடுக்கப்பட்டவன். அந்த விதியைக் காப்பாற்ற வீதியில் வந்து கத்திய பெரியவர்களோ செய்தது தவறு என்று அறிந்துகொள்ளும் வயதில் இருந்தவர்கள். அதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று சொல்லித் தப்பிக்கும் வாக்கியம் உண்மைக்கு மாறானது. அந்தக் காலத்தில் கறுப்பின மக்களும் வாழ்ந்தார்கள். அவர்கள் ஒருநாளும் அப்படி நினைக்கவில்லை. அவர்களை 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் சேர்க்காமல் பேசுவதுகூட அந்தப் பழைய விதியின் மிச்சம்தான்.

எந்த வயதில் எவ்வளவு

நான்கு, ஐந்து வயதுக்குப் பேருந்துத் தாளும் ரூபியின் வகுப்பறையும் போதும். ஆறு, ஏழு வயதில் 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நடந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவர்கள் நால்வர் ஒரு பெரிய கடையில் பற்பசை போன்ற சில பொருட்களை வாங்கினார்கள்; அவர்களுடைய பணத்தைக் கடை வாங்கிக்கொண்டது. பிறகு அதே கடைக்குள் இருந்த உணவுப் பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அங்கே கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவதில்லை என்றார்கள். ஒரே கடை, ஒரே கை, ஒரே பணம். பற்பசைக்குச் செல்லும், காபிக்குச் செல்லாது. கடை மூடும்வரை அவர்கள் எழவில்லை, மறுநாள் இன்னும் பலரோடு வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 25 அன்று அந்த உணவுப் பகுதி கறுப்பினத்தவருக்கும் பரிமாறத் தொடங்கியது.

அடிதடியும் சாவும் வேறு செய்தி. 1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். காவல்துறை அவர்கள்மீது நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சியது. எட்டு, ஒன்பது வயதுக்கு முன் இதன் படங்களைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்கும் பிள்ளைக்குச் சொல்லலாம், ஆனால் கண்ணில் பதியும் படம் இரவில் திரும்பி வரும். கிங் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு மட்டும் எந்த வயதிலும் பொய் வேண்டாம். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சொன்னது பிடிக்காத ஒருவர் சுட்டார். இந்த இரண்டு வரிகளுக்கு மேல் சிறு பிள்ளைக்குத் தேவைப்படாது.

படங்களைப் பற்றி இன்னொன்று. அக்காலத்தின் ஒளிப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் இருப்பதால், டைனோசர் காலத்துக்கு அடுத்து நடந்தது போல் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ரூபி பிரிட்ஜஸ் 1954இல் பிறந்தவர், இன்றைய பிள்ளைகளின் பாட்டிகள் பலருக்கு அந்த வயதுதான் என்று சொன்னால் காலம் சட்டென்று அருகில் வந்துவிடும்.

சட்டங்களின் வரிசையைச் சிறு பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சொல்லித்தரும் நமக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் குடிமை உரிமை கோரி ஏறத்தாழ 2,50,000 பேர் கூடினார்கள். 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான குடிமை உரிமைச் சட்டம், உணவகம், விடுதி, திரையரங்கு போன்ற பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது. 1965 ஆகஸ்ட் 6 அன்று வந்த வாக்குரிமைச் சட்டம், எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய சூழ்ச்சியை உடைத்தது. வாக்குரிமையைப் பிள்ளைக்கு விளக்க ஒரு சிறு ஆட்டம் போதும். மாலையில் எந்த விளையாட்டு என்று வீட்டில் வாக்கெடுப்பு வைத்து, வாக்களிக்க வேண்டுமானால் யாராலும் விடை சொல்ல முடியாத ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையைப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் விதியுங்கள். பிள்ளைக்குக் கேள்வியே கிடையாது. 'அவங்களுக்கு மட்டும் ஏன்?' என்று பிள்ளை கேட்கும்.

1964, 1965 என்று ஆண்டுகளைச் சொல்லி, அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிடக் கூடாது. விதியை ஒரே நாளில் மாற்றலாம், அந்த விதிக்குப் பழகிய மனிதர்கள் அவ்வளவு விரைவில் மாறமாட்டார்கள் என்பதை ரூபியின் பள்ளியே காட்டுகிறது. இன்றும் இது நடக்கிறதா என்று பிள்ளை கேட்டால், நடக்கிறது, அதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைகள் கதையை நம்மைப் போல் சட்டத்தோடு முடித்துக்கொள்வதில்லை. 'அப்புறம் ரூபி என்ன ஆனாள்?' என்பதுதான் அவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி. அதற்கும் விடை இருக்கிறது. அடுத்த ஆண்டு பள்ளி திறந்தபோது மார்ஷல்கள் வரவில்லை, வாசலில் கூட்டம் இல்லை, இரண்டாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் மிஸஸ் ஹென்றி இல்லை. அவர் பாஸ்டனுக்குத் திரும்பிவிட்டார். ஓர் ஆண்டு முழுவதும் அவர் ஒருவரின் குரலையே கேட்டுப் படித்த ரூபியின் பேச்சில் பாஸ்டன்காரர்களின் உச்சரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. புது ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. ரூபியும் மிஸஸ் ஹென்றியும் மறுபடியும் சந்தித்துக்கொண்டது 1990களில்தான்.